ஏழாவது கறுப்பு

அத்தியாயம் 11

போன வாரம் படித்துவிட்டு ஒரு வாசகி எழுதியிருந்தார். ஆனந்தராஜாவைக் கொஞ்சம் நல்லவனாகக் காட்டக்கூடாதா, பிள்ளையைப் பிரிந்திருக்கும் தகப்பன் அல்லவா என்று கேட்டிருந்தார். பிரிந்திருக்கும் தகப்பன்தான். அவன் நல்லவனாக இருந்த நாட்களும் உண்டு, அவற்றை முதல் நான்கு அத்தியாயங்களில் எழுதினேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படிப்பட்ட நாள் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய?

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன்.

ஆனந்தராஜா டென்மார்க்கில், வைலே நகரத்தில், பன்றி வெட்டும் தொழிற்சாலையில் கத்தி பிடிப்பவன். மனைவி மனோரஞ்சிதம் சூயிங்கம் தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறாள். தம்பி பாலேந்திரா யாழ்ப்பாணத்தில் கணிதப் பட்டப்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவன். மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஏழு வயது மகள் சுகந்தினி மட்டும் கொழும்பில், வெள்ளவத்தையில், அருமைநாயகி மாமியோடு. பிள்ளைக்கு விசா கிடைத்துவிட்டது. இங்கே ரண்டர்ஸ் நகரத்துக்கு வரும் ஒரு குடும்பம் அவளைத் தங்களோடு கூட்டி வரச் சம்மதித்திருக்கிறது. அவர்களோடு ஒரே விமானத்தில் பிள்ளைக்குப் பிடித்து வைத்த இடத்துக்கு வரும் செவ்வாய்க்கிழமைக்குள் பணம் கட்ட வேண்டும். தவறினால், தனியாக ஏழு வயதுப் பிள்ளையை யார் கூட்டி வருவார்கள்?

அந்தப் பணம் போன ஞாயிற்றுக்கிழமை போய்விட்டது. துறைமுகத் தெருவில் ஒரு பிலியர்ட்ஸ் மண்டபம் இருக்கிறது. அதன் பின்னறையில் களவாக ஒரு ரூலெட் மேசை ஓடுகிறது. சக்கரம் போன்ற சில்லு சுற்றும், அதில் ஓடும் குண்டு சிவப்பிலோ கறுப்பிலோ விழும். அந்த மேசையில்தான் போனது.

போனது முட்டாள்தனத்தால் இல்லை, முறையால். பாலேந்திரா கண்டுபிடித்த முறை அது. சிவப்பில் ஐம்பது குரோனர் வை. கறுப்பு வந்தால் நூறு வை. மறுபடியும் கறுப்பா, இருநூறு வை. இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதாவது சிவப்பு வரத்தானே வேண்டும்? வந்ததும் இழந்ததெல்லாம் திரும்பி வரும், கூடவே ஒரு ஐம்பதும் வரும். பிறகு முதலிலிருந்து தொடங்கு. கேட்கும்போது எவ்வளவு நன்றாக இருக்கிறது!

ஏழாவது தடவைக்கு மூவாயிரத்து இருநூறு வைக்க வேண்டிவரும். அந்த மேசையில் நாலாயிரத்துக்கு மேல் வைக்க விடமாட்டார்கள். ஆகவே தொடர்ந்து ஏழு தடவை தோற்றால் எட்டாவது தடவை என்று ஒன்று கிடையாது. மொத்தமாக ஆறாயிரத்து முன்னூற்று ஐம்பது குரோனர் போய்விடும்.

ஏழு வராது என்றான் பாலேந்திரா. நாலு மாதம் அந்த மேசையடியில் நின்று, விழுந்த ஒவ்வொரு நிறத்தையும் ஒரு தடித்த கொப்பியில் எழுதி வைத்திருந்தான். தொடர்ந்து வந்ததில் மிக நீண்டது ஆறு.

போன ஞாயிறு ஏழு வந்தது.

அன்று துறைமுகத்துக் கொள்கலன்களுக்குப் பின்னால் அண்ணன்காரன் தம்பியைத் தள்ளி விழுத்தி, கழுத்தில் சப்பாத்துக் காலை வைத்தான். உயிர்ப் பயத்தில் பாலேந்திரா ஒரு பொய் சொன்னான். மார்ச் கடைசியில் இந்த நாட்டுக்காரர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவிட்டார்கள், நான் அதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டேன், நாங்கள் விளையாடியது ராகுகாலத்தில் என்று.

சப்பாத்துக் கால் உடனே கழுத்தை விட்டு எடுபட்டது. ஏனென்றால் ஆனந்தராஜாவுக்கு அது பிடித்திருந்தது. முறை சரி, நேரம்தான் பிழை. அப்படியென்றால் இன்னொரு தடவை போகலாம்.

அந்த இன்னொரு தடவை இன்றைக்கு.

* * *

மனோரஞ்சிதம் தன்னுடைய விடுமுறைப் பணத்தைக் கடித உறையில் போட்டு, கோதுமை மா இருந்த தகர ரின்னுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். தொழிற்சாலையில் வருடம் முழுக்கப் பிடித்து வைத்து, வசந்தத்தில் தரும் பணம். டேனிஷ்காரர் அதை எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய் வெயில் காய்வார்கள். அவள் அதைச் செவ்வாய்க்கிழமை காலை பயண முகவரிடம் கட்ட இருந்தாள்.

பகல் சாப்பாடு முடிந்து அவள் கோப்பை கழுவிக்கொண்டிருந்தபோது ஆனந்தராஜா குசினிக்குள் வந்தான். தன் சம்பளத்தில் மிஞ்சியதை மேசையில் வைத்தான். அதோடு அவளுடையதும் சேர்ந்தால் ஏழு தடவைக்குக் கணக்காக இருக்கும்.

"அந்தக் காசை எடு, மனோ."

"அது பிள்ளையின்ர டிக்கட்."

"டிக்கட்டை எடுக்கத்தான் கேக்கிறன். போனது முழுக்கத் திரும்பி வந்திடும். இண்டைக்கு நேரம் சரி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மா ரின் இருந்த தட்டுக்கு முன்னால் போய் நின்றாள். அதுதான் அவள் விட்ட பிழை. அங்கே நிற்காமல் வேறெங்காவது நின்றிருந்தால் அவன் வீடு முழுக்கத் தேடியிருப்பான்.

அவன் அவள் தலைமயிரைப் பிடித்து முகத்தை அலுமாரிக் கதவில் அடித்தான். ஒரு தடவை அடித்துவிட்டு நிறுத்தவில்லை. இரண்டாவது அடியில் புருவம் பிளந்தது. மூன்றாவதில் கதவின் பிணைச்சல் கழன்று தொங்கியது. அவள் விழுந்தபோது ரின்னும் விழுந்தது, மா நிலம் முழுக்கப் பரவியது. அவள் முழங்காலில் தவழ்ந்து கடித உறையைப் பிடித்தாள். அவன் அவள் விலாவில் உதைத்தான். தொழிற்சாலையில் கொக்கியிலிருந்து வழுக்கி விழும் பன்றியை ஓரமாகத் தள்ளுவதற்கு உதைப்பார்கள், அந்த உதை. அவள் மூச்சு விடத் திறந்த வாயில் மாவும் இரத்தமும் அடைத்தன.

உறை அவன் கைக்குப் போனது.

பாலேந்திரா கதவடியில் நின்றான். நின்றான் என்பதை இரண்டு தடவை எழுத வேண்டும் போல இருக்கிறது எனக்கு. இருபத்தாறு வயது. கையும் காலும் சரியாக இருக்கின்றன. ஒரு கை கதவுப் பிடியில் இருந்தது. அண்ணி நிலத்திலிருந்து அவனைத்தான் பார்த்தாள்.

அவன் பார்வையைக் கீழே போட்டான்.

வியாழக்கிழமையிலிருந்து அவன் சட்டைப்பையில் ஒரு சிறிய அட்டை இருந்தது. ஹோல்கர் கொடுத்தது. ஹோல்கர் அந்தப் பின்னறைக்கு ஒவ்வொரு ஞாயிறும் வரும் கிழவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு குரோனர்கூட வைக்கமாட்டார். பியர் குடித்துக்கொண்டு விழுகிற நிறங்களைப் பென்சிலால் எழுதிக்கொண்டே இருப்பார். அது அவருக்குப் பொழுதுபோக்கு. வியாழக்கிழமை நூலகத்தில் கண்டபோது, உன்னுடைய கொப்பியில் எத்தனை ஏழு இருக்கிறது என்று கேட்டார். போன ஞாயிறு வந்ததைத் தவிர ஒன்றுகூட இல்லை என்றான் பாலேந்திரா. கிழவர் சிரித்துவிட்டு அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஐந்து மணி ஆனதும் ஆனந்தராஜா அவசரப்படுத்தினான். புதிய மணிக்கூட்டின்படி ராகுகாலம் ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியும். ஐந்தரைக்கு முன் வீட்டை விட்டு இறங்கிவிட வேண்டும், ஏழுக்குப் பின்தான் மேசையைத் தொட வேண்டும். அவன் அகதி முகாமில் கொடுத்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டான். தம்பிக்கும் அதே மாதிரிக் கோட்டுத்தான், அதே அளவு.

பாலேந்திரா வெளிக்கிடும்போது அந்த அட்டையை மேசையில் உப்புப் போத்தலின் கீழ் செருகி வைத்தான். கோழைகளும் சில நேரம் ஏதாவது செய்யத்தான் செய்கிறார்கள், வாசலைத் தாண்டும் நேரத்தில்.

* * *

மனோரஞ்சிதம் முகத்தைக் கழுவி, புருவத்தில் துணியை அழுத்திக்கொண்டு கதிரையில் இருந்தாள். அப்போதுதான் அட்டை கண்ணில் பட்டது.

பென்சிலில் இரண்டு எழுத்துகள் மாறி மாறி வந்தன. டேனிஷ் மொழியில் சிவப்புக்கு ஓர் எழுத்து, கறுப்புக்கு ஓர் எழுத்து. ஓரிடத்தில் கறுப்பின் எழுத்து ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது. அவள் விரலை வைத்து எண்ணினாள். பதினொன்று. அதைச் சுற்றி நீல மையால் ஒரு வட்டம். பக்கத்தில் பாலேந்திராவின் கையெழுத்தில் தமிழில்: "பெப்ரவரி 9, ஞாயிறு, பின்னேரம் 4.40. அப்ப நாங்கள் வெளியில நிண்டனாங்கள்."

அவள் அதை மூன்று தடவை வாசித்தாள்.

ஒவ்வொரு ஞாயிறும் அவர்கள் மதியமே போய்விடுவார்கள். நாலரை ஆனதும் ராகுகாலம் என்று ஆனந்தராஜா தம்பியையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவான். ஒன்றரை மணித்தியாலம் தெருவில் நின்று குளிரில் சிகரெட் குடிப்பார்கள். செவ்வாய்க்கிழமைகளிலும் ராகுகாலம் வரும் நேரத்தில் அப்படித்தான். அந்த நேரத்தில் கொப்பியில் எதுவும் எழுதப்படவில்லை. அவர்கள் வெளியே நின்றார்கள் என்பதற்காகச் சில்லு ஓய்வெடுக்கவில்லை. உள்ளே டேனிஷ்காரர்களுக்கு அது சுற்றிக்கொண்டே இருந்தது, ஏழும் ஒன்பதும் பதினொன்றும் விழுந்துகொண்டே இருந்தன.

நாலு மாதக் கணக்கில் ஓட்டை. மூவாயிரம் சுற்று எழுதி வைத்த கெட்டிக்காரனுக்குக் கிழவர் காட்டும்வரை அது தெரியவில்லை. பத்தாம் வகுப்போடு நிறுத்தியவளுக்கு உப்புப் போத்தலடியில் தெரிந்தது. எனக்கு ஆத்திரமாக வருகிறது, அவளுக்கு ஆத்திரப்பட நேரமில்லை. அவர்கள் மேசையைத் தொடுவதற்கு முன் காசைத் திருப்பி எடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் மணிக்கு ஒன்றுதான். ஆறு மணி பஸ் போய்விட்டிருந்தது. தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, விலாவைக் கையால் பிடித்தபடி, அவள் வீடு இருந்த மேட்டிலிருந்து துறைமுகத்தை நோக்கி நடந்து இறங்கத் தொடங்கினாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

* * *

அதே மழையில் பிலியர்ட்ஸ் மண்டபத்தின் பக்கத்து ஒழுங்கையில் இரண்டு சாம்பல் கோட்டுகள் நின்றன. ஆறே முக்காலுக்கு ஆனந்தராஜா உற்சாகமாக இருந்தான். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வாங்க வேண்டும் என்றான். நாளைக்கு வருடப் பிறப்பு, புது வருடத்தின் பெயரே அட்சய, குறையாமல் வளரும் என்றான்.

 மாவில் கிடந்த அண்ணியின் முகம் பாலேந்திராவின் கண்ணை விட்டுப் போகமாட்டேன் என்றது.

"அண்ணை, நான் போன கிழமை சொன்னது பொய்."

ஆனந்தராஜா திரும்பினான்.

"மணிக்கூடு மாறினதுக்கும் தோத்ததுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் அடிப்பியள் எண்ட பயத்தில சொன்னனான். இந்தச் சில்லுக்கு முதல் விழுந்தது ஞாபகம் இராது, அண்ணை. ஆறு கறுப்பு வந்தாலும் ஏழாவதுக்குப் பழையபடி ஒரே அளவு வாய்ப்புத்தான். அதுக்குள்ள பச்சைப் பூச்சியம் வேற இருக்கு, அதில விழுந்தா ரெண்டு நிறமும் தோக்கும். ஒரு முறையாலும் இதை வெல்ல ஏலாது. எனக்கு முதல் நாளே தெரியும்."

அது முழு உண்மை. முதல் நாளே தெரியும். அகதியாக வந்து, அண்ணனின் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு, வேலை கிடைக்காமல் இருந்தவனுக்கு ஒரு நாள் அண்ணன், என்ர தம்பி கணிதம் படிச்சவன் என்று மற்றவர்களிடம் பெருமையாகச் சொன்னது கேட்டது. அந்த ஒரு வசனத்துக்காக அவன் கொப்பி வாங்கினான்.

ஆனந்தராஜாவின் முதல் குத்து மூக்கில் விழுந்தது. பாலேந்திரா சுவரில் மோதிச் சறுக்கினான். இரண்டாவது வாயில். பல் ஒன்று நாக்கில் வந்து கிடந்தது. அண்ணன் அவனைக் கோட்டுக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, சுவரோடு சேர்த்து வைத்து, நிதானமாக அடித்தான். நாளெல்லாம் ஒரே இடத்தில் நின்று ஒரே வெட்டை ஆயிரம் தடவை வெட்டுகிறவனுடைய நிதானம் அது. அடிக்கிடையில் அவன் சொன்னது ஒன்றுதான். நீ பயந்துபோய் இப்ப மாத்திச் சொல்லுறாய்.

பாருங்கள், பொய்யை ஒரு நொடியில் நம்பியவன் உண்மையை நம்ப மறுத்து ஒருவனின் முகத்தை உடைக்கிறான்.

அடித்து முடித்ததும் மணிக்கூட்டைப் பார்த்தான். ஏழு மணி இரண்டு நிமிடம். கைலேஞ்சியை எடுத்துத் தம்பியின் முகத்து இரத்தத்தை அவனே துடைத்துவிட்டான். கொப்பியைக் கையில் திணித்து, எழுது என்று சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு போனான்.

* * *

பின்னறைக் கதவைக் காவல் காப்பவன் கர்ட். மீன்பிடிப் படகில் வேலை செய்தவன், கழுத்தும் தலையும் ஒரே அகலம். பாலேந்திராவின் முகத்தைப் பார்த்துச் சீழ்க்கை அடித்துவிட்டு வழிவிட்டான்.

முதல் கால் மணித்தியாலம் எல்லாம் சரியாக நடந்தது. சிவப்பு, சிவப்பு, ஒரு கறுப்பு, பிறகு சிவப்பு. பணத்துக்குப் பதிலாக மேசையில் வைப்பது வட்ட வில்லைகள்; ஆனந்தராஜா வென்றவற்றை அந்தந்த நேரமே காசாக மாற்றிச் சட்டைப்பையில் போட்டான். பாலேந்திராவின் தோளில் தட்டினான். மூலையில் ஹோல்கர் பென்சிலைத் தீட்டிக்கொண்டிருந்தார். அவர் பாலேந்திராவின் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை.

பிறகு கறுப்பு வந்தது. ஐம்பது போனது. நூறு போனது. இருநூறு போனது. நானூறு வைத்தபோது வெள்ளைக் குண்டு பச்சைப் பூச்சியத்தில் போய் இருந்தது. சில்லுச் சுற்றுகிறவன் எல்லார் பணத்தையும் கோலால் வழித்து எடுத்தான். எண்ணூறு. கறுப்பு. ஆயிரத்து அறுநூறு. கறுப்பு.

ஆனந்தராஜா உறையில் மிஞ்சியதை எல்லாம் வில்லைகளாக மாற்றிக் கொட்டினான். மூவாயிரத்து இருநூறு சிவப்பில் இருந்தது. அவன் உதடு பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்ததைப் பாலேந்திரா கண்டான். அதையும் எழுதத்தான் வேண்டும். அந்தத் தகப்பன் அங்கேயும் பிள்ளையைத்தான் நினைத்தான்.

குண்டு ஓடத் தொடங்கியது.

அப்போது முன் மண்டபத்தில் இருந்து பியர்ப் பெட்டி கொண்டுவந்தவனுக்காகக் கர்ட் கதவைத் திறந்தான். அவனுக்குப் பின்னால் மனோரஞ்சிதம் உள்ளே வந்தாள். நனைந்த சால்வை, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அந்த அறைக்குள் அதுவரை எந்தத் தமிழ்ப் பெண்ணும் வந்ததில்லை. எல்லாரும் ஒரு கணம் அவளைப் பார்த்ததால் ஒருவரும் தடுக்கவில்லை.

அவள் நேரே மேசைக்குப் போய் இரண்டு கையாலும் வில்லைகளை அள்ளப் போனாள்.

சில்லுக்காரன் கத்தினான். கர்ட் இரண்டே எட்டில் வந்தான். அவளுடைய வலக்கை மணிக்கட்டைப் பிடித்து, மேசையின் மர விளிம்பில் அடித்தான். விரல்களை விரி என்று டேனிஷில் உறுமினான். அவள் விரிக்கவில்லை. இன்னொரு தடவை, தன் முழுப் பாரத்தையும் போட்டு அடித்தான்.

முறிந்த சத்தம் குண்டு உருளும் சத்தத்துக்கு மேலாகக் கேட்டது. மூன்று விரல்கள் பின்பக்கமாக வளைந்து நின்றன. வில்லைகள் பச்சைத் துணியில் சிந்தின. அவள் கத்தவில்லை, வாயைத் திறந்து தன் கணவனைப் பார்த்தாள்.

அவன் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

குண்டு துள்ளி, தயங்கி, விழுந்தது. சிவப்பு.

ஆனந்தராஜாவின் முகம் பூரித்துப் போனது. அவன் மனைவியின் பக்கம் திரும்பவில்லை, தம்பியின் பக்கம் திரும்பினான்.

"பாத்தியாடா? உன்ர முறை சரி. நேரந்தான் பிழைச்சது."

பாலேந்திராவால் தன் மூளையை நிறுத்த முடியவில்லை. அது பாட்டுக்குக் கணக்குப் போட்டது. ஆறாயிரத்து முன்னூற்று ஐம்பதைக் கொட்டி, ஆறாயிரத்து நானூறு திரும்பி வந்திருக்கிறது. இலாபம் ஐம்பது குரோனர். போன வாரம் போனதைப் பிடிக்க இப்படி நூற்று இருபத்தேழு தடவை வெல்ல வேண்டும். அண்ணிக்கு மிச்சம் ஏழு விரல்.

சில்லுக்காரன் வெற்றியைக் கொடுக்கலாமா என்று முதலாளியைப் பார்த்தான். முதலாளி தோளைக் குலுக்கினான், கொடு என்றான். அவனுக்குத் தெரியும், அந்தப் பணம் எங்கேயும் போய்விடாது.

அது சரியாகத்தான் இருந்தது. ஆனந்தராஜா வில்லைகளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஐம்பதை எடுத்து மறுபடியும் சிவப்பில் வைத்தான்.

* * *

கர்ட் அவளை முன் மண்டபம் வழியாக இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டான். பிலியர்ட்ஸ் விளையாடிய இளைஞர்கள் தங்கள் பந்துகளைக் கவனமாகப் பார்த்தார்கள்.

பாலேந்திரா பின்னால் ஓடி வந்தான். அவளைப் படிக்கட்டில் இருத்தினான். கொப்பியின் தடித்த அட்டையைக் கிழித்து இரண்டாக மடித்து, முறிந்த விரல்களின் கீழ் வைத்து, தன் கழுத்துத் துணியால் சுற்றிக் கட்டினான். நாலு மாதத்தில் அந்தக் கொப்பி ஒரு மனிதருக்கு உபயோகப்பட்டது அப்போதுதான்.

அண்ணி, மன்னியுங்கோ என்று அவன் சொல்லத் தொடங்கினான். அவள் தலையை அசைத்து நிறுத்தினாள். அழுகைக்கும் மன்னிப்புக்கும் இப்போது இடமில்லை.

"காசு உள்ள கிடக்கு, தம்பி. செவ்வாய்க்கிழமை கட்டவேணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் ஓம் என்றான்.

எழுந்து மண்டபத்துக்குள் போனான். சுவர்த் தட்டில் வரிசையாக நின்ற பிலியர்ட்ஸ் கோல்களில் ஒன்றை எடுத்து, மெல்லிய நுனியைப் பிடித்து, தடித்த அடிப்பக்கத்தை மேலே வைத்துக்கொண்டான். வேறு யாராவது அப்படிப் பிடித்திருந்தால் அந்த இளைஞர்கள் சிரித்திருப்பார்கள். கர்ட் இன்னும் கதவடிக்குத் திரும்பவில்லை, பியர் ஊற்றும் இடத்தில் கை கழுவிக்கொண்டிருந்தான். பாலேந்திரா பின்னறைக்குள் நுழைந்தான்.

ஆனந்தராஜாவின் வலது கை மேசையில் இருந்தது, இரண்டு விரலுக்கிடையில் ஒரு வில்லையோடு. கத்தி பிடிக்கும் கை. மூன்று பேருக்கும் சோறு போட்ட கை. பாலேந்திரா கோலை ஓங்கி, அந்தக் கையின் நடுவில் இறக்கினான்.

மழையில் படிக்கட்டில் இருந்தவளுக்கு அந்த அலறல் கேட்டது. யாருடையது என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் அல்லவா. அடுத்து மேசை புரளும் சத்தம், வில்லைகள் நிலத்தில் உருளும் சத்தம், கர்ட்டின் கனத்த சப்பாத்துகள் ஓடும் சத்தம். இளைஞர்கள் கோட்டுகளை அள்ளிக்கொண்டு அவளைத் தாண்டி வெளியே ஓடினார்கள். கடைசியாக வந்தவர் ஹோல்கர். அவர் அவளுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார், தொப்பியைத் தொட்டார், போய்விட்டார்.

அவருக்குப் பின்னால் வாசல் கதவு சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

பிறகு உள்ளே அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. யாரும் கத்தவில்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது.

தெருவின் மறுபக்கத்தில் தொலைபேசிக் கூண்டு இருந்தது. அவசரத்துக்கு மூன்று பூச்சியம், காசு போடத் தேவையில்லை என்று மொழிப் பள்ளிக்கூடத்தில் முதல் கிழமையே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பொலிஸ் வந்தால் கணவனைப் பிடிப்பார்களா, பிடித்தால் பிள்ளையின் விசாவை நிறுத்திவிடுவார்களா? அவளுக்குத் தெரியாது. அதையெல்லாம் வாசித்து விளங்கிச் சொல்லக்கூடியவன் பாலேந்திரா. அவன் உள்ளே இருந்தான்.

அவள் தெருவைக் கடந்தாள். இடது கையால் சுழற்றினாள். பூச்சியம் சுற்றி முடிய எவ்வளவு நேரம் எடுக்கிறது! மூன்றாவதும் சுற்றி முடிந்தது.

ஒரு பெண் குரல் பேசியது. இவ்வளவு நாளும் டேனிஷ் பேச வேண்டிய இடத்திலெல்லாம் ஆண்களை முன்னால் விட்டவள் மனோரஞ்சிதம். இன்றைக்குத் தெருவின் பெயரைச் சொன்னாள். பிலியர்ட்ஸ் என்றாள். ஓர் ஆளை உள்ளே வைத்து அடிக்கிறார்கள், கதவு பூட்டு என்றாள். சொற்கள் ஒவ்வொன்றாக, ஆனால் சரியாக வந்தன.

உங்களுக்கும் காயமா என்று குரல் கேட்டது. ஓம், கை, தலை, விலா என்றாள்.

யார் அடித்தது?

அவள் பதில் சொல்வதற்குள் எதிரே தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்து ஒருவன் வெளியே வந்தான். ஒருவன் மட்டும். சாம்பல் நிறக் கோட்டு. முகம் முழுக்க இரத்தம். ஒரு கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான், மற்றக் கையில் கசங்கிய நோட்டுகள். அண்ணனா, தம்பியா? இரண்டு பேருக்கும் ஒரே கோட்டு, ஒரே உயரம். தெரு விளக்கு இன்னும் எரியத் தொடங்கவில்லை. அவன் கூண்டைக் கண்டுவிட்டு அவளை நோக்கித் தள்ளாடித் தள்ளாடி நடந்தான்.

யார் உங்களை அடித்தது என்று குரல் மறுபடியும் கேட்டது.

விழுந்துவிட்டேன் என்று சொல்வதற்கான டேனிஷ் வசனம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தொழிற்சாலையில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே வந்துகொண்டிருந்தவனைப் பார்த்தபடி, தொலைபேசியை வைக்காமல், அவள் வேறு பதில் சொன்னாள்.

"என் கணவன்."